வீட்டில் பாட்டுக்கு எவ்வளவு ஓசை வேண்டும்?

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் இயற்பியல்

இசையின் பெருமையைப் பேசாத புலவர் இல்லை. குழலைப் புகழ்ந்தார்கள், யாழைப் புகழ்ந்தார்கள், மழலையைக் கூடப் புகழ்ந்தார்கள். ஆனால் அந்த இசையை வீட்டுக்குள் எவ்வளவு ஓசையில் கேட்க வேண்டும் என்று எவரும் எடுத்துரைத்ததாக நான் படித்ததில்லை. அன்று அதற்குத் தேவையும் இருந்திருக்காது. யாழ் வாசிப்பவர் எதிரே அமர்ந்திருந்தார். அவர் விரல் எழுப்பிய ஒலி எவ்வளவோ அவ்வளவுதான் கேட்டது. கூட்டவும் குறைக்கவும் கேட்பவர் கையில் எதுவும் இல்லை. இன்றோ அந்தப் பொறுப்பு முழுவதும் கேட்பவரிடம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால், ஐந்து பேரின் காதுகளுக்கும் சேர்த்து ரிமோட்டைப் பிடித்த ஒரு விரல் முடிவு செய்கிறது. கல்லூரி மலரில் எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் நாள்தோறும் சண்டை வருகின்ற பொருள் இதுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்பதை, காலையில் வகுப்புக்கு வருகின்ற முகங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். "டி.வி.யை இருபதில் வை", "செல்லைப் பாதியில் வை" என்று எண்ணைச் சொல்லி அளவு பேசுவது நம் வழக்கம். அந்த எண் ஓசையின் அளவன்று. பெட்டியைச் செய்த கம்பெனி தன் வசதிக்கு அமைத்துக்கொண்ட படிகள் அவை. ஒரு பெட்டியின் இருபது இன்னொரு பெட்டியில் நாற்பதாக இருக்கும். ஒரே பெட்டியிலும் ஒரு சேனலில் இதமாக இருக்கின்ற இருபது, அடுத்த சேனலில் காதைக் கிழிக்கும். விளம்பரம் வந்தாலோ சொல்லவே வேண்டாம். விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தது காதுக்குக் கேட்பதில்லை.

ஓசையை அளக்கின்ற அலகு டெசிபல். இயற்பியல் படிப்போர் இதை அறிவர். மற்ற வகுப்பு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இது முழக்கோல் போன்ற அளவன்று; மடக்கை முறையில் அமைந்த அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தோன்றுகிறது. 20 டெசிபல் கூடினால் ஆற்றல் நூறு மடங்கு. நமக்குத் தோன்றுவது நான்கு மடங்கு. காது இப்படிச் சுருக்கிக் கணக்குப் பார்ப்பதால்தான் கொசுவின் ரீங்காரத்தையும் திருவிழா அதிர்வேட்டையும் ஒரே காதால் கேட்டுப் பிழைத்திருக்கிறோம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 'கொஞ்சம் கூட்டினால் போதும்' என்று நமக்குத் தோன்றுகின்ற கொஞ்சம், உட்செவிக்குக் கொஞ்சம் அன்று. நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குள் ஒலியை உணர்கின்ற மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. தலைமுடி உதிர்ந்தால் முளைக்கலாம்; இவை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

சரி, இதமான அளவு எது? இதற்கு விடையை நான் பாட்டில் தேடவில்லை, அறையில் தேடினேன். பேசுகின்ற சொல் தடையின்றி விளங்க வேண்டுமானால், சுற்றியுள்ள இரைச்சலைவிடச் சுமார் 15 டெசிபல் மேலே அது இருக்க வேண்டும் என்பர். வகுப்பறைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். பாட்டின் சொல்லுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. மின்விசிறியும் தெருவும் சேர்ந்து 50 டெசிபல் இரைந்தால் பாட்டு 65ஆக இருக்க வேண்டும். மிக்சி ஓடினால் 80ஐத் தாண்டும். அதை வெல்லப் பாட்டை உயர்த்துகிறவர் தம் காதோடு தாமே போர் தொடுக்கிறார். ஆகவே, பாட்டைக் கூட்டுமுன் மற்றதைக் குறைக்க வேண்டும். எங்கள் வீட்டு விசிறியை ஐந்தாம் எண்ணிலிருந்து இரண்டுக்குக் குறைத்துவிட்டு, அதே பாட்டை அதே இடத்திலிருந்து கேட்டேன். செல்பேசியின் பதினைந்து படிகளில் பதினொன்றில் கேட்ட தெளிவு ஏழிலேயே கிடைத்தது. மே மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் வீட்டைவிட்டே துரத்தியிருப்பார்கள் என்பது வேறு கதை. நம் அரசு 2006இல் வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பாட்டையும் தந்து, பாட்டை மறைக்கின்ற மூன்றையும் தந்தார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அம்மியில் தேய்ந்த என் தாயாரின் கைகளைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த மிக்சியைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை.

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் ஆறு குடித்தனங்கள். இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு விக்கல் எடுத்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் மொள்ளுவார்கள். இத்தகைய வீட்டில் அறையின் இரைச்சல் என்பது ஆறு வீட்டு இரைச்சல். முதல் வீட்டில் கூட்டினால் மூன்றாம் வீட்டில் கூட்டுவார்கள்; அது கேட்டு ஐந்தாம் வீட்டில் கூட்டுவார்கள். யாரும் யாரையும் துன்புறுத்த நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பாட்டைத் தாம் கேட்க நினைக்கிறார்கள், அவ்வளவே. தகரக் கூரையின் மேல் மழை பிடித்துக்கொண்டால் ஆறு பெட்டிகளும் தோற்றுப்போகும். அப்போது பாட்டை நிறுத்திவிட்டு மழையைக் கேட்பதே அறிவுடைமை.

ஓசையைக் குறைத்தால் பாட்டில் உயிர் போய்விடுகிறது என்பது பலரின் குறை. இதில் உண்மை உண்டு. 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், எல்லாச் சுருதிகளையும் காது ஒரே நேர்மையோடு கேட்பதில்லை என்று அளந்து காட்டினார்கள். ஓசை குறையும்போது நடுத்தரச் சுருதிகள் நிற்கின்றன. தாழ்ந்த சுருதிகள் முதலில் மறைகின்றன. மிருதங்கத்தின் தொப்பியும் தபேலாவின் டக்காவும் பேஸ் கிதாரும் காணாமற்போய், பாடகர் தகர டப்பாவுக்குள் நின்று பாடுவதுபோல் ஆகிவிடும். பழைய டேப் ரிக்கார்டர்கள் சிலவற்றில் 'லௌட்னஸ்' என்று ஒரு விசை இருந்தது. குறைந்த ஓசையில் தாழ்சுருதியை மட்டும் சற்று உயர்த்தித் தருவதே அதன் வேலை. இன்றைய செல்பேசியில் சமன்செய்யும் பகுதிக்குள் போய் நாமே அதைச் செய்துகொள்ளலாம். முழுப் பாட்டையும் உயர்த்துவதைவிட இது மேல். ஆனால் இரவில் வேண்டாம். சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு முதலில் போவது அந்தத் தாழ்சுருதிதான்.

எந்த இசைக்கு எந்த அளவு என்பதிலும் நம் முன்னோருக்கு ஒரு கணக்கு இருந்தது. நாகசுரமும் தவிலும் கோயில் வீதிக்கு, வீணை கூடத்துக்கு. நாகசுரத்தை ஓர் எட்டடி அறைக்குள் வாசித்தால் தாங்க முடியாது. வீணையைத் தேரடியில் மைக் இல்லாமல் வாசித்தால் கேட்காது. வீணை ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு அதைத் தவில் ஓசைக்கு உயர்த்துகிறவர் கேட்பது வீணையே அன்று. வாசிப்பவர் நம் வீட்டுப் பாயில் அமர்ந்து வாசித்தால் எவ்வளவு கேட்குமோ அதுவே அதன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். திரைப்பாடலுக்கு இந்தக் கணக்கு உதவாது. மைக்கின் அருகே வாயை வைத்து, காதோடு பேசுவதுபோல் பாடியதை, பின்னால் முப்பது வயலின்களோடு கலந்து தருகிறார்கள். உலகில் எந்தக் கூடத்திலும் அப்படி ஒரு கச்சேரி நடந்ததில்லை; எனவே அதற்கு இயற்கையான அளவு என்று ஒன்றும் இல்லை.

இதுவரை சொன்னவை நல்ல காதுகளுக்கு. இனிச் சொல்லப்போவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்த ஓசையை விளக்க வேண்டியதில்லை. நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் அடிபட்டு ஓடுகின்ற தறிகள் பல ஒரே கூடத்தில் ஓடும்போது ஒலி 90 டெசிபலைத் தாண்டுகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் தருகின்ற வரம்பு. அப்படியானால் 94 டெசிபலில் ஒரு மணி நேரந்தான். என் தந்தை பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறார். நண்பர்கள் இந்தக் கணக்கைத் தாளும் எழுதுகோலும் இல்லாமலே போட்டுவிடலாம்.

இரவு எட்டரை மணிக்கு அவர் வீடு திரும்புவார். சாப்பிட்டுவிட்டுப் பழைய பாடல்கள் வருகின்ற சேனலைப் போடுவார். ஓசை முப்பதுக்குப் போகும். அதே அறையின் மறுமூலையில் நான் மின்காந்தவியல் படித்துக்கொண்டிருப்பேன். காலையில் அம்மா செய்திக்காகப் பெட்டியைப் போட்டால், இரவு வைத்த அதே முப்பது வீட்டையே தூக்கிவாரிப் போடும். தந்தையாரே, "யார்றா இவ்வளவு சத்தம் வெச்சது?" என்பார். இதில் வேடிக்கை ஒன்றுமில்லை, இது உடலியல். பெரும் ஓசையில் நெடுநேரம் இருந்த காது சில மணி நேரம் மந்தப்பட்டுவிடுகிறது. ஓய்வு கிடைத்தால் ஓரளவு மீள்கிறது. இரவு அளவை வைத்தது தறியிலிருந்து வந்த காது. காலையில் திடுக்கிட்டது உறங்கி எழுந்த காது. தனியார் பஸ்ஸில் தலைக்குமேல் ஒலிபெருக்கி அலற ஒரு மணி நேரம் பயணம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் போடுகின்ற நம்மில் பலருக்கும் இதே நிலைதான். வெளியிலிருந்து வந்தவுடன் அளவை முடிவு செய்யாதீர்கள். வந்த காது பொய் சொல்லும்.

ஆண்டுகள் போகப்போக அந்த மந்தம் மீளாமல் தங்கிவிடுகிறது. ஓசையால் வருகின்ற செவிக்கேடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள உயர்ந்த சுருதிகளில் தொடங்குகிறது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்சுருதியில் வலிமையாக இருப்பதால் அவை கேட்கும். ச, ஸ, த போன்றவற்றைப் பிரித்துக் காட்டுகின்ற நுண்ணொலி உயர்சுருதியில் இருப்பதால் அது போய்விடும். "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் கேக்கல" என்று என் தந்தை சொல்வதை எந்த மருத்துவ நூலிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைய பாடகர்களுக்கு உச்சரிப்பு இல்லை, டி.எம்.சௌந்தரராஜன் பாடினால் சொல் சொல்லாகக் கேட்கும் என்பது அவர் கட்சி. டி.எம்.எஸ். உச்சரிப்பில் குறை சொல்ல நான் யார்? எனினும் அந்தப் பாடல்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். காது விட்டதை நினைவு நிரப்பிவிடுகிறது. புதிய பாட்டுக்கு நினைவு உதவ முடியாது; உடனே விரல் ரிமோட்டுக்குப் போகிறது.

அப்படிக் கூட்டுவதால் பயனும் குறைவு. கேட்காத உயர்சுருதியோடு சேர்த்து, நன்றாகக் கேட்கின்ற தாழ்சுருதியும் ஏறுகிறது. ஏறி மற்றதை மூடிவிடுகிறது. கேடுற்ற காதுக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை, சற்றே உயர்ந்த ஒலி வலியாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இதமான இடம் குறுகிப் போகிறது. முப்பதில் வைத்த மனிதர் நடுப்பாட்டில் முகத்தைச் சுளிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாட்டைச் சத்தமாக வைப்பது படிக்காதவர் பழக்கம், பண்பாடற்ற செயல் என்று மேடையில் ஒரு பெரியவர் பேசக் கேட்டேன். அன்று கைதட்டியவர்கள் நிறைய. எனக்குக் கை எழவில்லை. மெல்லிய இசை கேட்க முதலில் மெல்லிய வீடு வேண்டும். தனி அறை, கனத்த சுவர், தெருவைவிட்டு உள்ளே தள்ளிய வாசல், இவற்றுக்கெல்லாம் வாடகை உண்டு. அந்தப் பெரியவர் அன்று உடுத்தியிருந்த வேட்டி எங்கோ ஒரு தறிக்கூடத்தில் நெய்ததாகத்தான் இருக்க வேண்டும். அதை நெய்தவரின் காதில் இரைச்சல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல், அவர் வீட்டுப் பாட்டின் அளவைப் பண்பாட்டுக் கோலால் அளப்பது நியாயமன்று. பன்னிரண்டு மணி நேரம் நாடாவின் அடியைக் கேட்டுவிட்டு வருகின்றவர் அரைமணி நேரம் பாட்டுக் கேட்க விரும்புவது ஆடம்பரமா? என் படிப்புக்கு இடையூறு என்று அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர் வைத்த ஓசையில் என்னால் படிக்க முடியவில்லை என்பதும் உண்மைதான்.

வழி இயற்பியலில் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் விளக்கை நகர்த்தி நகர்த்தி எதிர்த்தகவு இருமடி விதியைச் சரிபார்க்கிறோம் அல்லவா? ஒலிக்கும் அதே விதி. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு கிடைக்காது. இருந்தாலும் கணிசமாகக் கிடைக்கும். ஊரார் காதுக்கெல்லாம் ஓசையைக் கூட்டுவதைவிட, குறைவாகக் கேட்கின்ற காதின் அருகே ஒலியைக் கொண்டுபோவது எளிது. ஒரு சிறிய ப்ளூடூத் ஒலிபெருக்கியை வாங்கித் தந்தையார் நாற்காலியின் தோளருகே மாட்டினேன். கூரை ஓட்டைக்கு எதிர்ப்புறமாக அதைத் திருப்பினேன். தாழ்சுருதியைக் குறைத்து உயர்சுருதியைச் சற்றுக் கூட்டினேன். நல்ல காதுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு ஓசையைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே, "சொல்லு புரியுதா?" என்று கேட்டேன். புரிகிறது என்ற இடத்தில் நிறுத்தினேன். மேலிருந்து இறங்கி வந்தால் அந்த இடம் அகப்படாது. பெரிய ஓசைக்குப் பழகிய காதுக்கு அதற்குக் கீழே உள்ளதெல்லாம் குறையாகவே தோன்றும். இப்போது என் மூலைக்கு வருகின்ற பாட்டு, மேக்ஸ்வெல் சமன்பாடுகளோடு சண்டை போடாத அளவில் இருக்கிறது.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் தீர்ந்தது, இவ்வளவு பாடு எதற்கு என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். வீட்டுச் சண்டை தீரும். காதின் கணக்கு தீராது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75. பஸ்ஸின் இரைச்சலை வெல்ல வேண்டி இயர்போனை உயர்த்துகிறவர் இந்த எல்லையை வாரம் முடியுமுன்பே கடந்துவிடக்கூடும். தறி ஒருவருக்கு இருபத்தைந்து ஆண்டில் செய்ததைக் கூலி இல்லாமல் நாமே நமக்குச் செய்துகொள்ள வேண்டுமா?

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. தனியார் இடத்தில் வைக்கின்ற ஒலிக்கருவி, அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூட்டக் கூடாது. ஒரு முழம் கூரை இடைவெளிதான் எல்லை என்றிருக்கின்ற வீடுகளை அந்த விதி எழுதியவர்கள் நினைத்திருப்பார்களா என்பது ஐயமே. இருந்தாலும் பத்து மணி என்ற எல்லையை எங்கள் லைனில் ஏறக்குறைய எல்லாருமே மதிக்கிறார்கள். விதியை அறிந்தன்று, மறுநாள் முதல் ஷிப்டு எட்டு மணிக்கு என்பதால்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்துகொண்டு, அரசு கொடுக்கின்ற செவித்துணைக் கருவிக்கு எழுதிப் போடலாம் என்று தந்தையாரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "தறி ஓடறப்ப காது கேக்காததே நல்லது" என்கிறார். வேலையின்போது காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், நூல் அறுந்தால் தறியின் ஓசை மாறுவது தெரியாமற்போகும் என்கிறார். அவர் சொல்வதில் தொழில் அறிவு இருக்கிறது. மருந்துக்கடைப் பஞ்சு பெரிதாக ஒன்றும் தடுக்காது, நுரை அடைப்பான்தான் வேண்டும், அதை வைத்தாலும் ஓசையின் மாற்றம் தெரியத்தான் செய்யும் என்பது என் வாதம். பேச்சு இன்னும் முடியவில்லை.

நாற்காலி ஏற்பாடு திங்கள் முதல் சனி வரை நன்றாகவே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்பதில்லை. மாமா வந்துவிடுவார். அவரும் தறிக்காரர். இரண்டு பேருக்கும் ஒரு ஒலிபெருக்கி எட்டுவதில்லை; பெட்டி மறுபடியும் முப்பதுக்குப் போய்விடுகிறது. அன்று நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன்.